பழைய கணினிக்குச் சிறிய கேர்னல்

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் முன்னோர் வாய்மொழி. வீடு கட்டுவோருக்குச் சொல்லிய இப்புத்தி கணினியை ஆள்வோருக்கும் பொருந்தும். அது எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்குவதே இன்றைய நம் பேச்சின் நோக்கமாகும்.

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு வழமையாகக் கிடைத்துவந்த ஆதரவு முடிவுற்றது. அதற்கு முன் 2014 ஏப்பிரல் 8ஆம் திகதி விண்டோஸ் எக்ஸ்பிக்கும் இதே கதி நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் ஒரே நாளிற் கிழடாகிவிட்டன. இயந்திரத்தின் ஓர் ஆணிதானும் தேயவில்லை. அதனுள் இருந்த மென்பொருளுக்கே காலம் முடிந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 6 கோடி 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. அதில் முறைப்படி சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 வீதம் மட்டுமே. ஆகவே, ஓடக்கூடிய ஒரு பழைய கணினியைக் குப்பையிற் சேர்ப்பதற்கு முன் சற்று நின்று யோசிப்பது நம் கடமையாகும்.

அவ்வாறு யோசிப்போருக்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அஃதாவது, லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கேர்னலை அவ்வியந்திரத்தின் அளவுக்கு ஏற்பச் சிறிதாக அமைத்து நிறுவுதல்.

கேர்னலாவது யாது?

கலியாண வீடொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் செய்வோர் ஒருபுறம், பரிமாறுவோர் ஒருபுறம், விருந்தினர் ஒருபுறம். களஞ்சிய அறையின் திறப்போ ஒருவர் மடியில் இருக்கும். அரிசி வேண்டுமாயினும் இலை வேண்டுமாயினும் அவரிடமே கேட்டுப் பெறல் வேண்டும். எவருக்கு எவ்வளவு, எவருக்கு முதலில் என்பதை அவரே தீர்மானிப்பார். கணினியில் அத்திறப்புக்காரர் கேர்னல் ஆவார். எழுதும் மென்பொருளும் இணையம் பார்க்கும் மென்பொருளும் நினைவகத்தையோ வன்தட்டையோ தாமாகத் தொட முடியாது. கேர்னலைக் கேட்டே பெறும். செயலியின் நேரத்தைப் பங்கிடுவதும், நினைவகத்தைப் பிரித்துக் கொடுப்பதும், சாதனங்களோடு பேசுவதும் அதன் தொழில்கள்.

லினக்ஸ் கேர்னலை ஆக்கத் தொடங்கியவர் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் ஆவார். 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி தம் முயற்சியை உலகுக்கு அறிவித்தபோது அவருக்கு வயது 21. அவரிடம் இருந்தது இன்ரெல் 386 செயலி கொண்ட ஒரு கணினி. அவ்வாண்டு செப்ரெம்பரில் வெளிவந்த 0.01 என்னும் முதற் பதிப்பு ஏறக்குறைய 10,000 வரிகள் கொண்டது. இன்று அதே கேர்னலின் மூலநிரல் மூன்று கோடி வரிகளைக் கடந்து நிற்கின்றது.

இவ்வளவு பெருத்தது எதனால்? அதில் மிகப் பெரும் பங்கு சாதன இயக்கிகள். உலகில் உள்ள வலையமைப்பு அட்டை, ஒலி அட்டை முதலிய பற்பல சாதனங்களுக்கு வேண்டிய இயக்கிகள் அங்கே குவிந்துள்ளன. நம் கணினியில் இருப்பதோ ஒரு வலையமைப்பு அட்டை, ஓர் ஒலி அட்டை. மற்றவையெல்லாம் நமக்குப் பயன்படாத பாரம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மூன்று கோடி வரிகளும் நம் நினைவகத்தில் ஏறிவிடுவதில்லை. இயக்கிகளிற் பெரும்பாலானவை தனித்தனிக் கூறுகளாக வன்தட்டில் இருக்கும். தேவையானபோது மட்டும் உள்ளே வரும். எனவே 8 கிகாபைற் நினைவகமுள்ள புதுக் கணினியில் கேர்னலைச் சுருக்கினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 64 மெகாபைற்றோ 128 மெகாபைற்றோ உள்ள இயந்திரத்தில் மிச்சமாகும் பத்து மெகாபைற்றும் பெருஞ்செல்வம். ஏழைக்கு எள்ளும் உருண்டையாகும் அல்லவா?

ஏன் நாமே அமைக்கவேண்டும்?

சிலர் கேட்கலாம்: ஆயத்தமாகக் கிடைக்கும் கேர்னல்கள் இருக்க, நாம் ஏன் சிரமப்படவேண்டும் என்று. காரணம் யாதெனில், ஆயத்தக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு வருகின்றன. டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே 386 செயலிக்கான ஆதரவு, 2013 பெப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்போடு கேர்னலிலிருந்து நீக்கப்பட்டது. டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் வழங்கல் 2017இல் 586 இனச் செயலிகளைக் கைவிட்டது. 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் 32 பிற் இன்ரெல் கணினிகளுக்குரிய கேர்னலும் நிறுவியும் இல்லை.

இன்னுமொரு காரணமும் உண்டு. 32 பிற் செயலிகள் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தை ஆளுவதற்குப் பிஏஈ என்றோர் உபாயம் செய்யப்பட்டது. பல வழங்கல்கள் இவ்வுபாயத்தைக் கட்டாயமாக்கிய கேர்னலையே தந்தன. முதற்காலப் பென்ரியம்-எம் செயலிகளும் அவ்வினத்துச் செலரோன்-எம் செயலிகளும் பல, இவ்வசதி தம்மிடம் உண்டென்று அறிவிப்பதில்லை. அத்தகைய கணினியில் அக்கேர்னல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். உடையவரோ கணினி பழுது என்று எண்ணிப் பரணில் ஏற்றிவிடுவார். பழுது கணினியில் இல்லை. அதற்கு அளவெடுக்காத சட்டையைப் போட்டதே பழுது.

ஓர் உதாரணம்

வெறும் தத்துவமாகப் பேசுவதிலும் ஓர் இயந்திரத்தை முன்வைத்துப் பேசுவது நன்று. ஏசஸ் ஈ-பிசி 701 என்னும் சிறு மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டு தாய்வானில் அறிமுகமாகிய இது, விற்பனைக்கு வந்தபோதே லினக்ஸ் முறைமையோடு வந்தது. ஏழு அங்குலத் திரை, 900 மெகாஹேட்ஸ் செலரோன்-எம் செயலி, 512 மெகாபைற் நினைவகம், வன்தட்டுக்குப் பதிலாக 4 கிகாபைற் பளிச்சு நினைவகம் ஆகியன இதன் உடைமைகள். ஒரு கிலோ நிறையும் இல்லை. மின்னேற்றி 22 உவாற்றுத்தான்.

முதலிற் செய்யவேண்டியது கணினியின் உறுப்புகளைக் கணக்கெடுத்தல். ஆயத்த லினக்ஸ் ஒன்றைப் பேனைச் செலுத்தியில் இட்டு அதிலிருந்து கணினியைத் தொடக்கி, எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யூஎஸ்பி, எல்எஸ்மொட் என்னும் மூன்று கட்டளைகளையும் இடுக. முதலது உள்ளே பொருத்திய அட்டைகளையும், இரண்டாவது யூஎஸ்பி வழி இணைந்தவற்றையும், மூன்றாவது அப்பொழுது ஏறியிருக்கும் கூறுகளையும் சொல்லும். இவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்க. நாம் எடுத்த மடிக்கணினியில் இன்ரெல் 910 வகைத் திரைச் சுற்று, ஏரிஎல்2 இயக்கி வேண்டும் கம்பி வலையமைப்பு, ஏரிஎச்5கே இயக்கி வேண்டும் கம்பியில்லா வலையமைப்பு, இன்ரெல் எச்டிஏ ஒலி, ஏரிஏ-பிக்ஸ் இயக்கி வேண்டும் சேமிப்புச் சுற்று ஆகியன காணப்படும்.

அடுத்து மூலநிரலை இறக்கவேண்டும். நீண்டகாலப் பராமரிப்புக்கென்று குறிக்கப்பட்ட பதிப்பொன்றை எடுப்பது அறிவுடைமை. 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 அத்தகையது. பிறகு மேக் மெனுகொன்பிக் என்று கட்டளையிட்டால் ஆயிரக்கணக்கான கேள்விகள் பட்டியலாகத் தோன்றும். பலவற்றுக்கு மூன்று விடைகள் உண்டு. ஆம் என்றால் அவ்வசதி கேர்னலுக்குள்ளேயே கட்டப்படும். கூறு என்றால் தனிக் கோப்பாக வெளியில் நிற்கும். இல்லை என்றால் அறவே விடப்படும்.

ஆயிரம் கேள்விகளுக்கும் ஒருவன் இருந்து விடை எழுதுவதென்றால் பொழுது விடிந்துவிடும். ஆதலால் இரண்டு குறுக்கு வழிகள் செய்துவைத்துள்ளார்கள். ஒன்று மேக் லோக்கல்மொட்கொன்பிக். இது அப்பொழுது ஏறியிருக்கும் கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றக் கூறுகளைக் கழித்துவிடும். ஆகையால் இக்கட்டளையை இடுமுன் அச்சுப்பொறி, பேனைச் செலுத்தி, ஒலிபெருக்கி முதலிய சகலத்தையும் இணைத்து ஒருமுறை இயக்கிவிடுதல் அவசியம். இணைக்காத பொருளை அது அறியாது, அறியாததை வெட்டிவிடும்.

மற்றது மேக் ரைனிகொன்பிக். 2014இல் 3.17 பதிப்போடு வந்த இது, கேர்னலை மிகமிகச் சிறிதாக்கும். ஆனால் அதன் சிறுமை எத்தகையதென்றால், திரையில் ஒரு செய்தி எழுதும் வசதிகூட அதில் இராது. அப்படியே தொடக்கினால் கறுப்புத் திரையே காண்போம். செய்தி எழுதும் வசதி, முனையம், நிரற்கோப்புகளை ஓட்டும் வசதி, பிசிஐ, சேமிப்பு, கோப்புத் தொகுதி என ஒவ்வொன்றாக நாமே திரும்பச் சேர்க்கவேண்டும். கேர்னலின் உள்ளமைப்பைக் கற்க விரும்பும் மாணவனுக்கு இது சிறந்த பள்ளிக்கூடம். நாளைக்கே கணினி வேண்டும் என்பவருக்கு முதல் வழியே உகந்தது.

வேண்டுவனவும் வேண்டாதனவும்

இனித் தெரிவுகளைப் பார்ப்போம். செயலியின் குடும்பம் என்ற இடத்திற் பென்ரியம்-எம் என்பதைத் தெரிக. செயலி ஒன்றே ஆதலாற் பல செயலிகளுக்குரிய வசதியை விட்டுவிடலாம். 512 மெகாபைற்றே உள்ளமையால் உயர்நினைவக வசதியும் வேண்டியதில்லை. ஏறக்குறைய 896 மெகாபைற் வரை அது இன்றியே கேர்னல் நேராக ஆளும். பிஏஈயும் வேண்டாம். மெய்நிகர் இயந்திரங்களுக்குரியவை, பல தட்டுகளை இணைக்கும் ரெயிட், பெருநிலையங்களுக்கான அதிவேக வலையமைப்பு அட்டைகள், அமெச்சூர் வானொலி, நாம் தொடாத கோப்புத் தொகுதிகள் ஆகிய யாவும் போகட்டும்.

சேமிப்பு இயக்கியையும் எக்ஸ்ட்-4 கோப்புத் தொகுதியையும் மட்டும் கூறாக விடாமல் உள்ளேயே கட்டுதல் நன்று. ஏனெனில் கூறுகள் இருப்பது அந்தச் சேமிப்பிலேயே. பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் எவ்வாறு திறப்பது? ஆயத்தக் கேர்னல்கள் இவ்விக்கினத்தைத் தீர்ப்பதற்கென்றே ஒரு தற்காலிகக் கோப்புத் தொகுதியை நினைவகத்தில் ஏற்றி, அதிலிருந்து கூறுகளை எடுக்கின்றன. உள்ளே கட்டிவிட்டால் அத்தற்காலிகத் தொகுதி தேவையற்றுப்போகும், தொடக்கமும் விரைவாகும். மூலக் கோப்புத் தொகுதியை ஏற்ற முடியவில்லை என்று கூறிக் கேர்னல் நின்றுவிடுமாயின், முதலிற் பார்க்கவேண்டிய இடம் இதுவே.

வெட்டும் உற்சாகத்தில் வேண்டியதையும் வெட்டிவிடலாகாது. பேனைச் செலுத்திகள் பெரும்பாலும் பற் என்னும் கோப்புத் தொகுதியில் இருக்கும். அதைச் சேர்த்தவர் அதற்குரிய எழுத்துக் குறியீட்டுப் பக்கமாகிய 437ஐச் சேர்க்க மறந்தால், பேனைச் செலுத்தி திறவாது. கம்பியில்லா வலையமைப்புக்கு இயக்கி மட்டும் போதாது. மறைகுறியாக்கப் பகுதிகளும் வேண்டும். வழங்கல் சிஸ்டம்டி என்னும் தொடக்க முறையைப் பயன்படுத்துமாயின், சிகுரூப், டெவ்ரிஎம்பிஎவ்எஸ், ஐநோற்றிபை முதலிய வசதிகள் இன்றி அது எழும்பாது.

எல்லாவற்றிலும் முக்கியமாக ஒன்றைச் சொல்லுகின்றோம். தீச்சுவர் வசதியையும் பாதுகாப்புக் காவல்களையும் சிறுமையின் பேரால் நீக்கவேண்டாம். வீட்டுக்குப் பாரம் என்று பூட்டைக் கழற்றி வைப்பவர் உண்டோ? இணையத்தோடு சேரும் கணினி எவ்வளவு பழையதாயினும் அதற்குக் காவல் வேண்டும்.

சேர்க்கத்தக்கது ஒன்றும் உண்டு. இசட்ராம் என்னும் வசதி நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கிப் பயன்படுத்தும். 512 மெகாபைற் சற்று அதிகமாகத் தோன்றும். பளிச்சு நினைவகத்தில் ஓயாமல் எழுதி அதைத் தேய்ப்பதும் குறையும்.

கேர்னற் கோப்பைச் சுருக்கும் முறையிலும் தெரிவு உண்டு. எக்ஸ்இசட் முறை கோப்பை மிகச் சிறிதாக்கும். ஆனால் விரிப்பதற்கு நேரம் எடுக்கும். எல்இசட்4 முறையில் கோப்பு சற்றுப் பெரிதாகும். விரிவதோ மிக வேகம். இடம் இல்லாதவர் முதலதையும், செயலி மந்தமானவர் இரண்டாவதையும் கொள்க.

தொகுத்தலும் நிறுவுதலும்

பழைய கணினியிலேயே தொகுக்க முற்பட்டாற் பல மணிநேரம் போகும், நினைவகமும் போதாது. வேகமான வேறொரு கணினியில் 32 பிற் இலக்கு வைத்துத் தொகுத்து, கேர்னற் கோப்பையும் கூறுகளையும் கொண்டுபோய்ப் பழையதில் நிறுவுவதே முறை. கேர்னற் கோப்பு பூற் என்னும் கோப்புறைக்கும், கூறுகள் லிப் கோப்புறையினுள் மொடியூல்ஸ் என்பதற்கும் செல்லும். பிறகு கிரப் என்னும் தொடக்கியின் பட்டியலில் அதைச் சேர்க்கவேண்டும்.

இவ்விடத்தில் மூன்று விதிகள். முதலாவது, நன்றாக ஓடிய பழைய கேர்னலைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கற்க. புதியது எழும்பாவிடிற் பழையது கைகொடுக்கும். இரண்டாவது, ஒரே தடவையில் ஐம்பது வசதிகளை வெட்டாமற் சிலவற்றை வெட்டித் தொகுத்துப் பார்த்துப் பின் மேற்செல்க. அப்பொழுதுதான் எந்த வெட்டினால் எது நின்றது என்று அறியலாம். மூன்றாவது, கொன்பிக் என்னும் தெரிவுக் கோப்பைத் திகதியிட்டுப் பத்திரப்படுத்துக. அடுத்த பதிப்பு வரும்போது அக்கோப்பை வைத்து மேக் ஓல்ட்கொன்பிக் என்று கட்டளையிட்டால், புதிதாக வந்த கேள்விகளை மட்டும் கேட்கும்.

இத்துணைப் பாடுபட இயலாதோர் மனந்தளர வேண்டியதில்லை. ரைனி கோர் என்னும் லினக்ஸ் வழங்கல் வரைகலைத் திரையோடு 46 மெகாபைற் நினைவகத்தில் எழும்பக்கூடியது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பரி கௌலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸும் பழைய கணினிகளை மனத்திற் கொண்டே ஆக்கப்பட்டது. பிறர் அளவெடுத்துத் தைத்த சட்டை நமக்குப் பொருந்துமாயின் அதை அணிவதில் இழிவு யாதும் இல்லை.

இதன் எல்லையும் நம் பொறுப்பும்

அன்பர்களே, ஒரு பொருளின் நன்மையைச் சொன்னவர் அதன் எல்லையையும் சொல்லவேண்டும். கேர்னலைச் சுருக்கலாம், இணையப் பக்கங்களைச் சுருக்க நம்மால் ஆகாது. இன்றைய இணைய உலாவி ஒரு பக்கத்தைத் திறப்பதற்கே சில நூறு மெகாபைற் கேட்கும். ஆகவே 512 மெகாபைற் மடிக்கணினியிற் காணொளி வகுப்புப் பார்க்கலாம் என்று எவருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். கட்டுரை எழுதுதல், தட்டெழுத்துப் பழகுதல், நிரல் எழுதக் கற்றல், கணக்குப் பதிதல், நூலகப் புத்தகப் பட்டியல் வைத்தல், வீட்டுக் கோப்புகளைச் சேமித்துப் பகிர்தல் முதலிய காரியங்களுக்கு அது தாராளமாகப் போதும்.

மின்சாரக் கணக்கையும் பார்க்கவேண்டும். பிற்காலத்துப் பென்ரியம்-4 மேசைக் கணினிகளிற் செயலி ஒன்றே 80 உவாற்றுக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கக்கவல்லது. அத்தகையதை இரவு பகலாக ஓடவிட்டால், வாங்காத புதுக் கணினியின் விலையை மின்கட்டணமாகச் செலுத்திவிடுவோம். பழையது எல்லாம் காக்கத்தக்கதன்று. சிறு மின்சாரத்தில் ஓடும் பழையதே காக்கத்தக்கது.

இன்னொரு பொறுப்பு எல்லாவற்றினும் பெரிது. ஆயத்தக் கேர்னலை உபயோகிப்பவருக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கல்காரர் அனுப்புவார்கள். நாமே அமைத்த கேர்னலுக்கு நாமே வழங்கல்காரர். திருத்தம் வரும்போதெல்லாம் மீண்டும் தொகுத்து மீண்டும் நிறுவுதல் வேண்டும். ஒரு பிள்ளைக்கு இத்தகைய கணினியைக் கொடுத்துவிட்டு, பின் அப்பக்கம் திரும்பிப்பாராதிருப்பது தருமம் ஆகாது. அப்படிப் பராமரிக்க ஆள் இல்லையாயின், அதை இணையத்தோடு சேர்க்காமல் எழுதவும் படிக்கவும் மட்டும் கொடுத்தலே உத்தமம்.

பெரியோர்களே, உங்கள் வீட்டில் ஓய்ந்துகிடக்கும் கணினிகளை இளைஞர் கையிற் கொடுங்கள். கொடுக்குமுன் அதிலுள்ள கடிதங்களையும் படங்களையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் எடுத்து, சேமிப்பை முற்றாக அழித்துக் கொடுங்கள். அவர்கள் அதைப் பழுதாக்கிவிடுவார்களே என்று அஞ்சவேண்டாம். குப்பைக்குப் போக இருந்த பொருளிற் பழுதாக்க என்ன இருக்கிறது? புதுக் கணினியிற் கைவைக்கப் பயப்படும் பிள்ளை, பழையதை அச்சமின்றித் திறந்து பார்க்கும். படிப்பு அங்கேதான் ஆரம்பமாகிறது.

வாலிபர்களே, கேர்னலை அமைக்க இருப்பவன் ஒவ்வொரு கேள்விக்கும் இது என்ன, இது எனக்கு வேண்டுமா என்று தன்னைத்தானே கேட்டே விடை எழுதுகிறான். ஆயத்தமாக வந்ததை ஆராயாமல் ஏற்பவனுக்குக் கணினி ஒரு மூடிய பெட்டி. கேட்டுக் கேட்டு அமைத்தவனுக்கோ அது திறந்த புத்தகம். முப்பது வருடத்துக்கு மேலாக உலகின் பல பாகங்களிலும் உள்ளவர்கள் எழுதி எவரும் வாசிக்கலாம், எவரும் திருத்தலாம் என்று வெளியில் வைத்திருக்கும் நூல் அது. பழைய கணினி ஒன்றும் பொறுமையும் உடையவர் எவராயினும் அதை வாசிக்கலாம்.

ஆகவே இரண்டு மூன்று பேராகச் சேருங்கள், ஓர் இயந்திரத்தை எடுங்கள், உறுப்புகளைக் கணக்கெடுங்கள், செய்ததையெல்லாம் கொப்பியிற் குறியுங்கள். முதற் கேர்னல் எழும்பாமற் போகலாம், மூன்றாவது எழும்பும். எழும்பிய அன்றைக்குக் கிடைப்பது ஒரு கணினி மாத்திரமன்று, அதை ஆளும் அறிவும் ஆகும்.